வீடியோ கால்ல வீணை கிளாஸ்: கமகம் எங்க போகுது?

12 மே 2023, எடிசன் அம்மா கேட்டது

நியூஜெர்சில எடிசன்ங்கற ஊர்ல இருக்கோம். பொண்ணு ஆறாவது படிக்கறா, ஊர்ல இருக்கற ஒரு மாமிகிட்ட ஜூம்ல வீணை கத்துக்கறா. சரளி, ஜண்டை, கீதம் வரைக்கும் ஒரு கம்ப்ளெயிண்டும் இல்ல. மோகன வர்ணம் ஆரம்பிச்சதுலேந்து "கமகமே வரலடி, மொட்டையா நிக்குது"னு மாமி ஒவ்வொரு கிளாஸ்லயும் சொல்றாங்க (ஸ்வரத்தை அசைச்சு, இழுத்து வாசிக்கறது தான் கமகம்). பக்கத்துல உக்காந்து கேக்கற எனக்கு நல்லாவே கேக்குது. இவ அழுதுட்டு எழுந்து போறா. லேப்டாப் மைக் தான் மட்டம், 150 டாலர் போட்டு நல்ல மைக் வாங்கிடலாம்ங்கறார் வீட்டுக்காரர். எது வாங்கலாம்?

13 மே, ஸ்ரீரங்கம் வீணை

எதுவும் வாங்காதீங்க. பொண்ணு வாசிக்கறதும் சரி, மாமி சொல்றதும் சரி. நடுவுல உக்காந்திருக்கற சாஃப்ட்வேர் தான் கமகத்தை முழுங்குது.

வீணைல ஒரு மீட்டு மீட்டினா சத்தம் டக்குனு உச்சிக்குப் போயிட்டு அப்புறம் மெதுவா இறங்கும், நம்ம சொத்தெல்லாம் அந்த இறங்கற பாகத்துல தான் இருக்கு. பஞ்சம மெட்டுல (தந்தியை அழுத்தற பித்தளைக் கம்பி, 'ப' ஸ்வரத்தோடது) மீட்டிட்டு, அதே மீட்டுல தந்தியை இழுத்து தைவதத்தை ('த') தொட்டுட்டு திரும்பி வர்றா பாருங்க, அவ தைவதத்துக்குப் போய்ச் சேரறப்போ சத்தம் பாதிக்கும் கீழ இருக்கும். வீடியோ கால் மென்பொருள் எல்லாம் மனுஷன் பேசறதுக்காக செஞ்சது. அசை அசையா ஏறி இறங்கினா பேச்சு, ஒரே சீரா நீண்டுகிட்டே போனா ஃபேன் சத்தம், ஏசி சத்தம். அதோட கணக்குல கார்வைங்கறது, அதாவது மீட்டினப்புறம் நீண்டு நிக்கற சத்தம், ஃபேன் சத்தம் தான். அதனால மீட்டை விட்டுட்டு வாலை நறுக்கிடும். மாமிக்குக் கேக்கறது டங், டங், டங். மொட்டைனு சொல்லாம என்ன சொல்லுவாங்க பாவம்.

செய்ய வேண்டியது: ஜூம் செட்டிங்ஸ்ல ஆடியோவுக்குப் போங்க. "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அதை செலக்ட் பண்ணுங்க. அதுக்குக் கீழயே ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட், அதையும் டிக் பண்ணுங்க. மைக் வால்யூமை தானா அட்ஜஸ்ட் பண்றதுனு ஒரு டிக் இருக்கும், அந்த டிக்கை நீக்கிடுங்க. இதோட முடிஞ்சுதுனு நினைக்காதீங்க. மீட்டிங்குக்குள்ள போனப்புறம் மேல இடது மூலைல ஒரிஜினல் சவுண்ட்னு பட்டன் வரும், அது ஆன்ல இருக்கானு ஒவ்வொரு கிளாஸ்லயும் பாருங்க. பாதி பேர் செட்டிங்ஸ்ல போட்டுட்டு இந்தப் பட்டனை மறந்துட்டு "போட்டேன், ஒண்ணும் மாறல"ங்கறாங்க.

13 மே, ராத்திரி

ஒண்ணு விட்டுப்போச்சு. இது உங்க பக்கத்து மெஷின்ல பண்ண வேண்டியது. அவங்கவங்க செட்டிங் அவங்கவங்க மைக்குக்கு மட்டும் தான். மாமி அவங்க பக்கம் போட்டா மாமி வாசிக்கறது உங்களுக்கு நல்லா கேக்கும், உங்க பொண்ணு அப்பவும் டங் டங் தான். வாத்தியாருங்க எல்லாரும் தங்களோட லேப்டாப்புல எல்லாத்தையும் போட்டுட்டு பிள்ளைங்க சத்தம் ஏன் இன்னும் இப்படி இருக்குனு மண்டையை உடைச்சுக்கறது இதனால தான்.

அந்த ஹை ஃபிடெலிட்டி மோட் 2020ல வந்தது, லாக்டவுன்ல ஊர்ல இருக்கற பாட்டு வாத்தியார் எல்லாம் ஒரே நேரத்துல கத்தினப்புறம்னு வச்சுக்கோங்களேன். சத்தத்தை 48 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்து, மோனோவுக்கு செகண்டுக்கு 96 கிலோபிட் (கேபிபிஎஸ்) வரைக்கும் அனுப்பும், ஸ்டீரியோவுக்கு 192. ஒரு வீணைக்கு மோனோவே தாராளம். ஸ்டீரியோ போட்டு லைனை வீணாக்காதீங்க.

15 மே

கமகம் வந்துடுச்சுனு எழுதியிருக்கீங்க, சந்தோஷம். "ஆனா இப்ப டிஷ்வாஷர், தம்பி கார்ட்டூன், கீழ் வீட்டு நாய் எல்லாம் மாமிக்குக் கேக்குதாம்." கேக்கும். வாசல்ல இருந்த கூர்க்காவை அனுப்பிட்டோம் இல்லையா, இனிமே எல்லாரும் உள்ள வருவாங்க. கிளாஸ் நேரத்துல டிஷ்வாஷர் வேண்டாம், தம்பிக்கு ஹெட்ஃபோன் குடுங்க.

நான் இங்க கத்திரி வெயில்ல ஃபேனை நிறுத்திட்டு கிளாஸ் எடுக்கறேன். உங்களுக்கு ராத்திரி எட்டரைனா எனக்குக் காலைல ஆறு மணி, அப்ப சமாளிக்கலாம். லண்டன் பசங்களுக்கு எனக்கு சாயங்காலம், அப்ப வேர்வைல தந்தி வழுக்கும். அந்த ஆறு மணி கிளாஸ்லயும் ஒரு குயில் இருக்கு. நான் பேச்சை நிறுத்தினா ஆரம்பிக்கும், சுருதி மட்டும் சேராது.

16 மே

ஒருத்தர் கேட்டிருக்கார்: ஜூம்ல எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் வெட்டுது, ஏன்?

வெட்டற கத்தி ஒண்ணு மட்டும் இல்ல. விண்டோஸ் லேப்டாப்ல சவுண்ட் டிரைவரே தன் பங்குக்கு நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சலை அமுக்கறது) போட்டு வச்சிருக்கும், மைக் ப்ராப்பர்ட்டீஸ்ல என்ஹான்ஸ்மெண்ட்ஸ்னு இருக்கும், ஆஃப் பண்ணுங்க. ஆப்பிள் ஆளுங்களுக்கு 2021லேந்து மைக் மோட்னு ஒண்ணு வந்திருக்கு, கால் ஓடிகிட்டு இருக்கறப்ப கண்ட்ரோல் சென்டரைத் திறந்தா தெரியும். அதுல வாய்ஸ் ஐசொலேஷன் போட்டிருந்தா வீணைக்கு சங்கு தான். அதை மாத்தி வைட் ஸ்பெக்ட்ரம் செலக்ட் பண்ணுங்க. கூகுள் மீட்ல கிளாஸ் எடுக்கறவங்க ஆடியோ செட்டிங்ஸ்ல நாய்ஸ் கேன்சலேஷனை ஆஃப் பண்ணிடலாம்.

அப்புறம் ப்ளூடூத். தயவுசெஞ்சு வேண்டாம். பாட்டு கேக்கறப்ப பிரமாதமா இருக்கற அதே இயர்பட், மைக்கும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிச்சதும் போன் பேசற மோடுக்கு இறங்கிடும், 8 இல்லேன்னா 16 கிலோஹெர்ட்ஸ், அதுவும் மோனோ. அந்தக் காலத்து டெலிபோன் லைன் 300லேந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான் கடத்தும். மூணு கட்டைல (E) சுருதி சேர்த்த வீணைல, முக்கியமா வாசிக்கற ஸாரணித் தந்தியே 165 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ இருக்கற மந்தரத் தந்தி 82, அனுமந்தரம் 62, எல்லாம் அந்த 300க்குக் கீழ. லேப்டாப் ஸ்பீக்கர்லயும் இந்த 62 வராது, அதே தந்திலேந்து கூடவே வர்ற மேல் சத்தங்களை (ஹார்மானிக்ஸ்) வச்சு நம்ம காதே அடியை ஊகிச்சுக்குது. அதனால தான் "மாமி, மந்தரம் சுருதி சேந்திருக்கா?"னு கேட்டா போன்ல கேட்டுகிட்டு இருக்கற மாமி தயங்குவாங்க. மூணரை எம்எம் வயர் வச்ச பழைய இயர்போன் டிராயர்ல கிடக்கும், அதை எடுங்க.

17 மே

தம்புரா பத்தி தனியா எழுதணும்.

எல்லாரும் பண்றது என்னன்னா, வாத்தியார் தம்புரா போடுவார், பிள்ளை கேட்டு வாசிக்கும். நாய்ஸ் சப்ரஷன் இருக்கறப்ப முதல்ல காணாம போறதே தம்புரா தான், ஒரே சீரான சத்தம்னா அதை விட என்ன வேணும்? முதல் ரெண்டு மூணு செகண்ட் கேக்கும், அப்புறம் தேயும். பிள்ளைக்கு சுருதியே இல்லாம வாசிக்கறோம்னு தெரியாது. சப்ரஷனை எடுத்தா தம்புரா வரும், ஆனா நெட் தடுமாறறப்ப அதுவும் துண்டு துண்டா வரும்.

என் வழக்கம்: பிள்ளை வீட்டுல பிள்ளையோட தம்புரா. வேற ஒரு போன்ல ஆப், கால் ஓடற போன்லயே போடக்கூடாது, அதுல ஒண்ணு இன்னொண்ணை அமுக்கும். நான் என் பக்கம் தம்புரா போடறதே இல்ல, அங்கேந்து வர்றதைக் கேட்டு அதுக்கு என் வீணையை சேர்த்துக்கறேன். ரெண்டு பக்கமும் போட்டா, அதுவும் ஒருத்தர் ஆப்ல துல்லியமா மூணு கட்டை, இன்னொருத்தர் பழைய சுருதிப் பெட்டில குமிழைத் திருகி வச்ச மூணு கட்டைனா, 165ல ஒரே ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தாலும் செகண்டுக்கு ஒரு தடவை அலை அடிக்கும். தலைவலி.

இதுல ஒரு அழகு இருக்கு. கால்ல எவ்வளவு தாமதமா வந்தாலும் தம்புராவுக்கு ஒண்ணும் ஆகாது. அரை செகண்ட் லேட்டா வந்த ஸாவும் ஸா தான். தாளம் அப்படி இல்ல, அதுக்கு அப்புறம் வரேன்.

19 மே

எக்கோ கேன்சலேஷன் பத்தி ரெண்டு பேர் மாத்தி மாத்தி எழுதியிருக்காங்க. ஒருத்தர் ஆஃப் பண்ணணும்ங்கறார், ஒருத்தர் ஆஃப் பண்ணினா நாசம்ங்கறார். ரெண்டும் உண்மை.

ஸ்பீக்கர்ல என்ன போகுதுனு மெஷினுக்குத் தெரியும், அது மைக்ல திரும்பி வர்றப்ப கழிச்சுடும், அவ்வளவு தான் வேலை. பேச்சுக்கு ஓகே. ஆனா வாத்தியார் "ப த ஸ"னு பாட, பிள்ளையும் அதே "ப த ஸ"வை வாசிச்சா எது ஸ்பீக்கர் சத்தம் எது வீணைனு அதுக்குப் பிரிக்கத் தெரியாது, ரெண்டையும் சேர்த்து அமுக்கும். காதுல வயர் இயர்போன் மாட்டினா ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குப் போகாது, அப்ப தாராளமா ஆஃப் பண்ணலாம். ஸ்பீக்கர்ல கேக்கறவங்க ஆன்லயே விடுங்க, இல்லேன்னா எதிர்ப்பக்கம் தன் குரலே தனக்குத் திரும்பி வந்து பைத்தியம் பிடிக்கும். ரெண்டு காதையும் மூடிட்டா தன் வீணையே தனக்கு சரியா கேக்காது, ஒரு காதை மட்டும் மாட்டிக்கச் சொல்லுங்க.

21 மே

நாலு நாளா ஒண்ணு மனசுல ஓடிகிட்டே இருக்கு. சத்தம் மோசமா போகுதுங்கறது கூட பெரிசில்ல, அது பிள்ளையோட கையை மாத்திடுது.

சிங்கப்பூர்ல ஒரு பையன், லாக்டவுன்ல ஆரம்பிச்சவன், ரொம்ப நாள் போன்லயே கத்துக்கிட்டான். லீவுக்கு ஊருக்கு வந்தப்போ எதிர்ல உக்கார வச்சு வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மீட்டு. இழுத்து வர வேண்டிய இடத்துலயும் மீட்டு. ஆள்காட்டி விரலும் நடு விரலும் தந்தியை அடிக்கற அடில பக்கத்துத் தந்தியெல்லாம் கொலகொலங்குது. இழுக்கத் தெரியாதுனு நினைச்சேன். நல்லாவே தெரியுது! ஒரு மீட்டுல இழுடானா அழகா இழுக்கறான். அப்புறம் தான் புரிஞ்சுது. இழுத்தப்பல்லாம் நான் "கேக்கல கேக்கல"னு சொல்லியிருக்கேன், மீட்டினப்போ "ம், சரி"னு சொல்லியிருக்கேன். மெஷினுக்கு எது கேக்குமோ அதை வாசிக்கப் பழகிட்டான். அதை மாத்த அந்த லீவு பூரா போச்சு.

அதனால எடிசன் அம்மா, பொண்ணு இப்ப பலமா மீட்டறாளானு பாருங்க. "கேக்கல"னு மாமி சொல்லிச் சொல்லி அவளும் அடிக்க ஆரம்பிச்சிருப்பா. செட்டிங்கை மாத்தினதை மாமிகிட்ட சொல்லிட்டு, மெதுவா மீட்டினாலே போதும்னு மாமி வாயாலயே அவகிட்ட சொல்லச் சொல்லுங்க.

22 மே

மைக்கை எங்க வைக்கறதுனு கேட்டவருக்கு: தரைல ஜமக்காளத்து மேலயே லேப்டாப்பை வைக்காதீங்க, தாளம் போடறது, முழங்கால் அசையறது எல்லாம் தொம் தொம்னு போகும். சின்ன ஸ்டூல். வீணையோட குடத்துலேந்து ஒண்ணு ஒண்ணரை அடி தள்ளி, மேல்பலகையைப் பாத்த மாதிரி. தந்தி உக்கார்ற குதிரைக்கு நேரா மைக்கை நுழைச்சா கரகரனு தந்திச் சத்தம் தான் வரும். இதெல்லாம் பண்ணி பிடிச்சுப்போச்சுன்னா ஒரு சாதாரண யூஎஸ்பி மைக் வாங்கலாம், தப்பில்ல, வித்தியாசம் தெரியும். கச்சேரிக்கு ஒட்டற காண்டாக்ட் மைக் வேண்டாம், கிளாஸுக்கு அது மூக்கால பேசற மாதிரி இருக்கும்.

வைஃபை. வேகம் பிரச்சினை இல்ல, 96 கேபிபிஎஸ் எந்த லைன்லயும் போகும். சீரா வரணும், அது தான். லேன் வயர் குத்துங்க.

25 மே

தாளம். "நானும் மாமியும் சேர்ந்து வாசிக்கவே முடியாதா?"னு பொண்ணு கேட்டாளாம்.

முடியாது, செல்லம். யார் மேலயும் தப்பில்ல. சென்னைலேந்து நியூயார்க் பக்கம் நேர்கோட்டுல சுமார் 13,500 கிலோமீட்டர். ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்ப போகறதுக்கே 67 மில்லிசெகண்ட், போய் வர 135. கேபிள் நேரா போகறதும் இல்ல, கடலடில சுத்திகிட்டு போகுது. அது மேல ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டர் எடுத்துக்கற நேரம், ஜூமோட சர்வர். 300 மில்லிசெகண்டுக்கு மேலயே போயிடும். ஆதி தாளம், ஒரு அட்சரத்துக்கு (தாளத்துல ஒரு எண்ணிக்கை) ஒரு செகண்ட்னு வச்சுக்கிட்டா மூணாங் காலத்துல, அட்சரத்துக்கு நாலு ஸ்வரம் வர்றப்ப, ஒரு ஸ்வரத்துக்கு 250 மில்லிசெகண்ட் தான். அதாவது உங்க பொண்ணு கரெக்டா தாளம் போட்டாலும் மாமி கண்ணுக்கு ஒரு ஸ்வரத்துக்கு மேல பின்தங்கித் தான் தெரியும். "தாளம் இழுக்குது"னு திட்டு வாங்கினா பாதி திட்டு கடலுக்குச் சேர வேண்டியது.

செய்யக்கூடியது: மாமி வாசிக்கறப்ப பொண்ணு மியூட்ல சேர்ந்து வாசிக்கட்டும். அவளுக்கு ரெண்டும் சேர்ந்தே கேக்கும், மாமிக்கு ஒண்ணும் கேக்காது, குழப்பமும் இல்ல. அப்புறம் மாமி மியூட், அவ தனியா.

26 மே

ஒருத்தர் ஜாமுலஸ், ஜாக்டிரிப், சோனோபஸ் எல்லாம் சொல்லலையேனு கோபப்பட்டிருக்கார். சொல்றேன் சாமி. எல்லாம் தூரத்துல இருந்து சேர்ந்து வாசிக்கறதுக்கான மென்பொருள், இலவசமா கிடைக்கறது தான், படம் கிடையாது, சத்தத்தை மட்டும் சீக்கிரம் கடத்தும். சென்னைல இருக்கற மிருதங்க நண்பரோட ஜாமுலஸ்ல உக்காந்தேன். ரெண்டு பக்கமும் லேன் வயர், விண்டோஸுக்கு ஏஎஸ்ஐஓங்கற, தாமதத்தைக் குறைக்கற சவுண்ட் டிரைவர், இதுக்கே ஒரு சாயங்காலம். சவுக்க காலத்துல, அதாவது மெதுவான வேகத்துல, நிஜமாவே வாசிச்சோம், எதிர்ல உக்காந்த மாதிரி. கொஞ்சம் வேகமான மத்யமகாலம் எடுத்ததும் நான் அவர் அடிக்குக் காத்திருக்கேன், அவர் என் மீட்டுக்குக் காத்திருக்கார், தாளம் தேஞ்சுகிட்டே போகுது. மிருதங்கம் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனத்துல நான் வாயை மூடிகிட்டு இருந்தேன், அது அருமையா இருந்துது.

தேயறது எங்க திறமைக்குறைவு மட்டும் இல்ல. ஸ்டான்ஃபோர்டுல கிறிஸ் சாஃப் குழு, ஜாக்டிரிப் செஞ்சவங்க தான், ரெண்டு பேரை வேற வேற அறைல உக்கார வச்சு சேர்ந்து கைதட்டச் சொல்லி தாமதத்தை மாத்தி மாத்திப் பாத்தாங்க. ஏறக்குறைய 11 மில்லிசெகண்டுக்கு மேல போனா தட்டறது மெதுவாகுது. அதுக்குக் கீழ வந்தா ஓட ஆரம்பிக்குது! காத்துல சத்தம் 11 மில்லிசெகண்ட்ல நாலு மீட்டர் கூட போகாது. மேடைல மிருதங்கக்காரர் அதை விட பக்கத்துல தான் உக்காருவார்.

சென்னைலேந்து சிங்கப்பூருக்கு 2002லயே போட்ட ஐடூஐங்கற கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், போக 16 மில்லிசெகண்ட். கணக்குல பாத்தா சவுக்க காலத்துப் பாட்டு, பதம் ஏதாவது ஓட்டலாம் போல இருக்கு. அந்தப் பையனுக்கு லேன் வயர் வாங்கச் சொல்லியிருக்கேன்.

28 மே

எடிசன் அம்மா, ரெக்கார்டிங் வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட்டா அனுப்பாதீங்க, அதுவும் பேச்சுக்காக சுருக்கினது தான். வேற ஆப்ல பதிவு பண்ணி டாக்குமெண்டா அனுப்புங்க, ஃபைல் அப்படியே போகும். மாமி அதைக் கேட்டுட்டு தைவதத்துல குத்தம் சொன்னா, அது நிஜக் குத்தம்.

29 மே

நாகஸ்வரம் ஜூம்ல எடுக்கற அண்ணனுக்கு: உங்க கேஸ் தலைகீழ். உங்களுக்கு சத்தம் போதலைங்கற பிரச்சினையே வராது, மைக் கிழியும். கெயினை நல்லா கீழ இறக்குங்க, வாய் வைக்கற சீவாளிக்கு நேரா வேண்டாம், அடில விரியற அணசுக்கு நேராவும் வேண்டாம், ஆறேழு அடி தள்ளி பக்கவாட்டுல லேப்டாப்பை வைங்க, மைக் மீட்டர் மேல முட்டாம முக்கால்லயே நிக்கணும். அபார்ட்மெண்ட்னா கிளாஸ் நேரத்தை அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குரூப்ல முன்கூட்டியே போட்டுடுங்க.